பலம் கூடியதெல்லாம் பயன் கூடியதா?

 

தலைமன்னார் முதல் முசலி வரை நம் பகுதியில் வாப்பா வெளிநாட்டில், உம்மா ஊரில், பிள்ளைகள் இருவருக்கும் நடுவே தொலைபேசியில் என்று நடக்கும் குடும்பங்கள் ஏராளம். விடுமுறைக்கு வரும் வாப்பா என்ன கொண்டு வர வேண்டும் என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். முன்பு அதில் சப்பாத்தும் கைக்கடிகாரமும் இருந்தன. இப்போது கையடக்க கேம் கருவியும் சேர்ந்திருக்கிறது. வெறுமனே ஒரு கருவி என்று கேட்பதும் இல்லை. இன்ன கொம்பனியின் இன்ன கருவிதான் வேண்டும் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "உம்மா, மற்றதை விட இதுதான் பவர் கூடினது!"

உம்மா என்ன செய்வார்? மகன் சொல்லும் எண்களும் பெயர்களும் அவருக்கு விளங்குவதில்லை. விளங்காததை மறுத்தால் "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்பான். ஒத்துக்கொண்டால் பாலைவன வெயிலில் நின்று உழைத்தவரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். இந்தச் சங்கடத்தைப் பல தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "மௌலவி, அவன் சொல்வது உண்மையா, இல்லாவிட்டால் கடைக்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறானா?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி.

கேம் விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பவை வேறொரு மாதத்துக்குரிய பேச்சு. இம்மாதம் ஒன்றை மட்டும் பார்ப்போம். சந்தையில் போட்டியிட்ட கையடக்கக் கருவிகளில் பலம் கூடியதுதான் வென்றதா? இதற்கு 35 வருடங்களுக்கும் மேலான கணக்கு நம் முன்னே இருக்கிறது.

பவர் என்றால் என்ன?

கருவியின் உள்ளே கணக்குப் போடும் சிப் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும், எத்தனை நிறத்தில் எவ்வளவு தெளிவாகப் படம் வரையும் என்பதைத்தான் பிள்ளைகள் பவர் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. பலமான சிப் இருந்தால் படம் அழகாக வரும். ஆட்டம் தடங்காமல் ஓடும்.

ஆனால் அந்தப் பலம் சும்மா வருவதில்லை. கரையோரத்துச் சகோதரிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. படகில் 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றிவிட்டு 40 குதிரைவலு எஞ்சினைப் பூட்டினால் படகு பறக்கும், மண்ணெண்ணெயும் பறக்கும். 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் எஞ்சினின் பலத்தை விட அது குடிக்கும் எண்ணெய்தான் பெரிய பேச்சாக இருந்தது.

கேம் கருவியில் எண்ணெய்த் தாங்கியின் இடத்தில் பற்றரி இருக்கிறது. இன்றைய பெரிய கருவி ஒன்றில் 40 வாட்-மணி கொள்ளும் பற்றரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எரியும் 9 வாட் எல்.ஈ.டி. பல்பை அது நாலு மணித்தியாலத்துக்கு மேல் எரிக்கும். கேம் ஓடும்போது கருவி 20 வாட் இழுத்தால் இரண்டே மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். இழுக்கும் மின்சாரம் சூடாக மாறுவதால் உள்ளே காற்றாடி வேண்டும். காற்றாடிக்கு இடம் வேண்டும். கருவி பெருக்கும், பாரமாகும், விலையும் கூடும். எனவே "எவ்வளவு பவர்?" என்று கேட்கும்போதே "அந்தப் பவருக்கு என்ன விலை கொடுக்கிறோம்?" என்றும் கேட்க வேண்டும்.

1989இல் தொடங்கிய போட்டி

1989ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ கொம்பனி 'கேம் பாய்' என்ற கருவியை வெளியிட்டது. திரையில் நிறம் கிடையாது. பச்சை கலந்த சாம்பலில் நான்கே சாயல்கள். திரைக்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை. அந்தக் காலத்துக்கே அது பழைய தொழில்நுட்பம்தான்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி கொம்பனி 'லின்க்ஸ்' என்ற கருவியைக் கொண்டு வந்தது. 1990இல் ஜப்பானின் சேகா கொம்பனி 'கேம் கியர்' என்ற கருவியுடன் வந்தது. இரண்டுக்கும் வண்ணத் திரை. திரைக்குப் பின்னால் வெளிச்சம். கேம் கியரில் ஒரு துணைக் கருவியைப் பூட்டினால் தொலைக்காட்சியே பார்க்கலாம்! மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தால் எந்தப் பிள்ளையும் கேம் பாயைத் தொட்டிருக்க மாட்டான்.

ஆனால் என்ன நடந்தது? கேம் பாயும், 1998இல் வந்த அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடிக்குச் சற்று மேல்தான் விற்றது. லின்க்ஸ் அதையும் எட்டவில்லை.

காரணத்தைப் பாருங்கள். கேம் பாய்க்கு நான்கு பென்டோர்ச் பற்றரி. பத்து மணித்தியாலத்தைத் தாண்டி ஓடும். மற்ற இரண்டுக்கும் ஆறு பற்றரி. ஐந்து மணித்தியாலம் ஓடினாலே பெரிய காரியம். அமெரிக்காவில் கேம் பாயின் விலை சுமார் 90 டொலர், கேம் கியர் சுமார் 150, லின்க்ஸ் சுமார் 180. ஆறு பற்றரியை அடிக்கடி மாற்றும் செலவு இந்த விலைக்கு மேல் தனி. வாங்கும் நாளில் கருவி கண்ணைக் கவர்ந்தது. வாங்கிய பின் ஒவ்வொரு கிழமையும் பற்றரிக்குக் காசு கேட்டது. காசு கொடுத்தவர்கள் பெற்றோர்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேம் பாய் பெட்டிக்குள்ளேயே 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டை வைத்துக் கொடுத்தார்கள். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் விளையாட்டு அது. மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னொவ் என்ற கணினி அறிஞர் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கியது. அதற்கு நிறமும் தேவையில்லை, பலமான சிப்பும் தேவையில்லை. சிறுவனும் ஆடலாம், அவன் தாயும் ஆடலாம்.

பழைய பொருள், புதிய யோசனை

கேம் பாயின் பின்னால் இருந்தவர் குன்பெய் யொகொய் என்ற பொறியியலாளர். நின்டெண்டோவில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் 1965இல் சேர்ந்தவர். பலரும் பாவித்துப் பழகி, குறை நிறை தெரிந்து, விலை இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்குப் புதிய பயன் காண வேண்டும் என்பது அவருடைய கொள்கை. புத்தம் புதிய சிப்பின் பின்னால் ஓடுகிறவன் அதன் விலையையும் சுமக்க வேண்டும், அதன் குறைகளையும் தானே கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா?

உறுதிக்கும் ஒரு சான்று உண்டு. 1990-91 வளைகுடாப் போரில் குண்டு விழுந்த படைவீரர் தங்குமிடம் ஒன்றில் இருந்த கேம் பாய் வெளியே கருகி உருகிப் போயிற்று. ஆனாலும் அது இயங்கியது. நியூயோர்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் அதைப் பல ஆண்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

பற்றரியின் அருமையை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்ல. அதே 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஓலைக் கொட்டிலில் குப்பி விளக்குத்தான். சில வருடங்களுக்குப் பின் 'பிறிக் கேம்' என்ற சீனக் கருவி முகாமுக்குள் வந்தது. டெட்ரிஸைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான் அது. பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். கறுப்புக் கட்டைகள் மட்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவருக்கு வந்த அந்த ஒன்றை, பிள்ளைகள் நாங்கள் வரிசையில் நின்று முறை வைத்து ஆடினோம். இரண்டு சின்னப் பற்றரி நாட்கணக்கில் வரும். ஆறு பற்றரி தின்னும் வண்ணக் கருவியை யாராவது இலவசமாகத் தந்திருந்தாலும் இரண்டாம் நாளே அது பெட்டிக்குள் போயிருக்கும். பற்றரிக் காசில் அரிசி வாங்க வேண்டிய காலம் அது.

இரண்டாம் போட்டி

"அது பழைய காலம்" என்று மகன் சொல்லலாம். சரி, 2004க்கு வருவோம். அந்த ஆண்டின் இறுதியில் இரண்டு கருவிகள் சில வார இடைவெளியில் வந்தன. ஒன்று நின்டெண்டோவின் 'டி.எஸ்.'. மற்றது சொனி கொம்பனியின் 'பி.எஸ்.பி.'.

பி.எஸ்.பி. எல்லா வகையிலும் பலசாலி. அகன்ற அழகிய திரை; படமும் பார்க்கலாம், பாட்டும் கேட்கலாம். அமெரிக்காவில் சுமார் 250 டொலர். டி.எஸ். சுமார் 150 டொலர், சிப் பலவீனம், ஆனால் இரண்டு திரைகள், அதில் ஒன்று தொட்டு எழுதும் திரை. அந்தக் காலத்தில் அது புதுமை. ஜப்பானியப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் மூளைப் பயிற்சிக் கணக்குகளை வைத்து 2005இல் வந்த கேமை, அதுவரை எந்தக் கேமையும் தொடாத வயது போனவர்கள்கூட வாங்கினார்கள். முடிவில் டி.எஸ். 15 கோடியே 40 இலட்சம் விற்றது. பி.எஸ்.பி. 8 கோடி அளவில் நின்றது.

இங்கே நீதியாகப் பேச வேண்டும். 8 கோடி தோல்வியல்ல. ஜப்பானில் பி.எஸ்.பி.யைத் தூக்கி நிறுத்தியது 'மொன்ஸ்டர் ஹன்டர்' என்ற கேம். நான்கு பேர் கிட்ட இருந்து, கருவிகளைக் கம்பியில்லாமல் இணைத்து, ஒன்றாக ஆடும் விளையாட்டு அது. அதன் படங்களுக்குப் பலமான சிப் உதவியது உண்மை. ஆனால் ஆட்களைத் திரும்பத் திரும்ப இழுத்தது சேர்ந்து ஆடும் சந்தோஷம்.

அடுத்த சுற்றில், 2011 இறுதியில், சொனி இன்னும் பலமான 'வீட்டா' என்ற கருவியைக் கொண்டு வந்தது. அதற்கென்றே தனியான நினைவட்டை. அதன் விலையோ அதிகம். பெரிய கேம்களும் போதிய அளவு வரவில்லை. 2019இல் உற்பத்தியே நின்றது. எதிரே நின்ற நின்டெண்டோவின் 'த்ரீ டி.எஸ்.' ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. ஆனால் அதுவும் 250 டொலர் விலையில் மந்தமாகத்தான் ஓடியது. அரை வருட அளவில் 170 டொலராக இறக்கிய பிறகே சூடு பிடித்தது.

அப்படியானால் பலம் வேண்டாமா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மகன் உங்களை மடக்குவதும் இந்த இடத்தில்தான்.

பலம் குறைந்ததெல்லாம் வெல்லும் என்பதும் உண்மையல்ல. அதே யொகொய் 1995இல் செய்த 'வேர்ச்சுவல் பாய்' என்ற கருவி சிவப்பு நிறத்தில் மட்டும் படம் காட்டியது. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றார்கள். ஓராண்டு அளவில் கைவிடப்பட்டது. 2003இல் நோக்கியா கொம்பனி போனையும் கேம் கருவியையும் ஒன்றாக்கி 'என்கேஜ்' என்று வெளியிட்டது. ஒரு கேமை மாற்றுவதற்குப் பற்றரியையே கழற்ற வேண்டும்! அதுவும் எடுபடவில்லை.

பலம் எவ்வளவு வேண்டும்? சோறு ஆக்கும் நெருப்பை எண்ணிப் பாருங்கள். நெருப்புப் போதாவிட்டால் அரிசி வேகாது. வெந்த பிறகும் எரித்தால் சோறு கூடாது. விறகுதான் போகும், அடியும் பிடிக்கும். விரும்பும் கேம் தடங்கலின்றி ஓடும் அளவுக்குப் பலம் அவசியம். அதற்குக் குறைந்தால் காசு வீண். அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் பேச்சுக்குத்தான் உதவும்.

2017இல் வந்த நின்டெண்டோ 'ஸ்விட்ச்', அப்போது வீட்டுத் தொலைக்காட்சியில் பூட்டி ஆடப்பட்ட மற்றக் கொம்பனிகளின் பெட்டிகளை விடப் பலம் குறைந்தது. ஆனால் வீட்டிலும் ஆடலாம், வெளியிலும் கொண்டு போகலாம். அது 15 கோடிக்கு மேல் விற்றது. எனினும் புதிய பெரிய கேம்கள் பல அதில் ஓட முடியாத நிலை வந்தது. 2025 ஜூனில் அதே கொம்பனி பலம் கூட்டிய 'ஸ்விட்ச் 2' கருவியை வெளியிட்டது. எட்டு வருடம் பொறுத்து, தேவை வந்தபோது பலத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

இன்றைய பிள்ளைகள் அதிகம் பேசும் போட்டியையும் பார்த்துவிடுவோம். 2022இல் வால்வ் கொம்பனியின் 'ஸ்டீம் டெக்' வந்தது. ஆரம்ப விலை 399 டொலர். 2023இல் ஆசூஸ் கொம்பனியின் 'ரொக் அலை' வந்தது. அதன் பலம் கூடிய வகை 699 டொலர். பவரில் பின்னது முந்தியது. ஆனால் பற்றரி இரண்டிலும் அதே 40 வாட்-மணி அளவுதான். பலம் கூட்டி ஆடினால் சீக்கிரம் தீர்ந்தது, பாவித்தவர்கள் குறைப்பட்டார்கள். அடுத்து இரு கொம்பனிகளும் என்ன செய்தன தெரியுமா? வால்வ் 2023 நவம்பரில் ஏறக்குறைய அதே பலத்தை வைத்துக்கொண்டு நல்ல திரையும் 50 வாட்-மணி பற்றரியும் போட்டது. ஆசூஸ் 2024இல் அதே சிப்பை வைத்துப் பற்றரியை 80 வாட்-மணியாக இரட்டித்தது. பவர், பவர் என்று விளம்பரம் செய்கிறவர்களே கடைசியில் பற்றரியைத்தான் திருத்தினார்கள்! மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நம் ஊரில் வைத்துப் பார்த்தால்

டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் உள்ளவர்களுக்கே பற்றரியும் விலையும் உறுதியும் பெரிதாகப் பட்டதென்றால், நமக்கு எப்படி இருக்க வேண்டும்? நம் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுற்றுவதைத் தினமும் காண்கிறோம். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது நாமும் இருட்டில்தான் இருந்தோம். அந்த நேரத்தில் இரண்டு மணித்தியாலம் ஓடும் கருவியால் என்ன பயன்?

நம்முடைய காற்றில் உப்பு உண்டு, முற்றத்தில் மணல் உண்டு. காற்றாடி உள்ள கருவி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய பற்றுச்சீட்டு இங்கே செல்லுமா என்பதும் கேள்விதான்.

ஆகவே சகோதரிகளே, மகன் கருவி கேட்டால் உடனே "இல்லை" என்றும் சொல்ல வேண்டாம், உடனே "சரி" என்றும் சொல்ல வேண்டாம். ஒரு தாளைக் கொடுத்து இந்த ஐந்து கேள்விகளுக்கும் அவனையே பதில் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று: நீ ஆட விரும்பும் மூன்று கேம்கள் எவை? விலை குறைந்த கருவியில் அவை ஓடாதா?

இரண்டு: ஒரு முறை சார்ஜ் போட்டால் அந்தக் கேம் எத்தனை மணித்தியாலம் ஓடும்? கொம்பனி சொல்வதல்ல, பாவித்தவர்கள் சொல்வது என்ன?

மூன்று: கருவியின் விலையுடன் கேம்களின் விலை, நினைவட்டை, உறை எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு?

நான்கு: பழுதானால் யார் திருத்துவார்? எங்கே?

ஐந்து: தம்பி தங்கச்சிமாரோடு சேர்ந்து ஆட முடியுமா, இல்லை நீ மட்டும் தனியே மூலையில் இருந்து ஆடும் சாமானா?

இவற்றுக்கு விளங்கும்படி பதில் எழுதும் பிள்ளை, தான் கேட்பது என்ன என்று தெரிந்துகொண்ட பிள்ளை. சில பிள்ளைகள் எழுதும்போதே விலை குறைந்த கருவிக்கு இறங்கி வருவார்கள். சிலர் கையில் இருக்கும் போனே போதும் என்பார்கள். இன்னும் சிலருடைய பதிலைப் பார்த்தால், அவர்கள் கேட்பதற்கு உண்மையிலேயே பலமான கருவிதான் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கணினியில் படிப்பு வேலையும் செய்யும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். அப்போது மனம் ஒப்பி, உங்கள் சக்திக்கு ஏற்ப வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தாளைப் படம் எடுத்து வாப்பாவுக்கும் அனுப்புங்கள். தான் அனுப்பும் காசை வீட்டில் எண்ணிப் பார்த்துத்தான் செலவழிக்கிறார்கள் என்று அவர் அறிவது, தூரத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆறுதல். பிள்ளையும் ஒன்றைப் படித்துக்கொள்வான். ஒரு பொருளை வாங்கும்போது அது எவ்வளவு பலமானது என்று மட்டும் பார்க்காமல், எங்கே, யார் கையில், எவ்வளவு காலம் பயன்படப் போகிறது என்றும் பார்க்கப் பழகுவான். நாளை அவன் மோட்டார் சைக்கிள் வாங்கும்போதும், படகுக்கு எஞ்சின் வாங்கும்போதும் இந்தப் பழக்கம் அவனோடு வரும், இன்ஷா அல்லாஹ்.